யாருக்கு எதிராக இந்த இரகசியம்?

பகைவனிடமிருந்து மறைப்பது படையின் இரகசியம். போட்டிக்காரனிடமிருந்து மறைப்பது வணிகனின் இரகசியம். தன்னைத் தேர்ந்தெடுத்து ஆட்சிப் பீடத்தில் அமர்த்திய மக்களிடமிருந்தே ஓர் அரசு ஒன்றை மறைக்கிறது என்றால், அந்த இரகசியத்துக்கு என்ன பெயர் சூட்டுவது? இங்கே அமர்ந்து கேட்கும் நீங்களும், ஞாயிற்றுக்கிழமை ஏட்டில் படிக்கப்போகும் நீங்களும் இந்த ஒரு கேள்வியை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அத்தனையும் அந்தக் கேள்வியைச் சுற்றியே.

ஆராய்ச்சி என்றால் நமக்குக் கசப்பில்லை. மாரியாத்தாளின் சீற்றம் என்று வேப்பிலை கட்டி வணங்கிக்கொண்டிருந்த பெரியம்மையை ஊசிமுனையில் ஒழித்தது ஆராய்ச்சி. பகுத்தறிவைப் பாராட்டும் நாம் ஆராய்ச்சியாளரைப் பழிப்போமா? பழிக்கமாட்டோம். ஆனால் வேறொரு ஆராய்ச்சி நடந்தது. எலும்பை முறிக்காமல் உள்ளத்தை முறிப்பது எப்படி? தோலிலே தழும்பு தோன்றாமல் நெஞ்சிலே தழும்பு ஏற்றுவது எப்படி? பிடிபட்டவனைத் தன் ஊரை, உறவை, தன் பெயரையே மறக்கும் நிலைக்குத் தள்ளி, கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பொம்மையாக ஆக்குவது எப்படி? இதற்கு ஆய்வுக்கூடங்கள்! இதற்கு டாக்டர் பட்டங்கள்! இதற்கு மக்களின் வரிப்பணம்! நடந்தது ஹிட்லரின் ஜெர்மனியில் அல்ல. ஹிட்லரை வீழ்த்திய நாட்டில். சுதந்திரத்துக்குச் சிலை எழுப்பி, துறைமுக வாயிலில் விளக்கேந்த வைத்திருக்கும் அமெரிக்காவில்.

கொரியாவிலே போர் நடந்தது, 1950 முதல் 1953 வரை. பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினர் பலர், "நாங்கள் கிருமிக் குண்டு வீசினோம்" என்று வாக்குமூலம் தந்தார்கள். நாடு திரும்பியதும் அது பொய், வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று மறுத்தார்கள். போர்க்கைதிகளில் 21 அமெரிக்கர் தாயகம் திரும்பவே மறுத்துவிட்டனர். அமெரிக்க மண்ணிலே பீதி பிறந்தது. எட்வர்ட் ஹண்டர் என்ற பத்திரிகையாளர் 1950இலேயே பரப்பிவிட்டிருந்த "மூளைச் சலவை" என்ற சொல் மூலைமுடுக்கெல்லாம் முழங்கிற்று. சிவப்பு நாட்டானிடம் ஏதோ மாய மருந்து இருக்கிறது, மந்திரக்கோல் இருக்கிறது. நம்மிடம் இல்லையே என்று அலறினார்கள். பேய் பிடித்ததாக நம்பியவன் பூசாரியைத் தேடி ஓடுவான். வாஷிங்டன் பேராசிரியரைத் தேடி ஓடிற்று!

உண்மையில் அப்படி ஒரு பேய் இருந்ததா? சி.ஐ.ஏ. என்னும் உளவுத்துறையே கார்னல் பல்கலைக்கழக மருத்துவ மேதைகள் இருவரை, ஹரால்ட் வுல்ஃப், லாரன்ஸ் ஹிங்கிள் என்பவர்களை, ஆராயச் சொன்னது. ஆராய்ந்தார்கள். 1956இல் மருத்துவ ஏட்டிலும் வெளியிட்டார்கள். என்ன கண்டார்கள்? மாய மருந்து இல்லை, மந்திரக்கோல் இல்லை. தனிமைச் சிறை, தூக்கம் கெடுத்தல், மணிக்கணக்கில் நிற்கவைத்தல், ஓயாத கேள்வி, இடையிடையே ஓர் இனிய சொல். ஆதிநாள் முதல் கொத்தவால் சாவடிகள் அறிந்த அதே பழைய பாடம்தான்! பேய் இல்லை என்று பூசாரியே சொல்லிவிட்டான். உடுக்கை நின்றிருக்கவேண்டுமல்லவா? நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம், அடி மூன்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953 ஏப்ரல் 13ஆம் நாள், உளவுத்துறைத் தலைவர் ஆலன் டல்லஸ் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கினார். பெயர், எம்.கே. அல்ட்ரா. நடத்தியவர் சிட்னி காட்லீப் என்ற வேதியியல் அறிஞர். அதன் அளவைச் சொல்கிறேன். நான் கூட்டிச் சொல்லும் கணக்கல்ல, 1977 ஆகஸ்டில் அந்த உளவுத்துறையின் தலைவராயிருந்த அட்மிரல் டர்னர் செனட் சபையின் முன் தாமே தந்த கணக்கு. கிளைத் திட்டங்கள் 149. பங்குகொண்டவை 44 கல்லூரி, பல்கலைக்கழகங்கள்; 15 ஆராய்ச்சி நிறுவனங்களும் மருந்துக் கம்பெனிகளும்; 12 மருத்துவமனைகள்; 3 சிறைச்சாலைகள். 44 என்றால் ஒரு நாட்டின் அறிவுலகமே அல்லவா! கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பேராசிரியர்களைக் கேள்வி கேட்க எனக்கென்ன தகுதி என்று எவரேனும் கேட்கலாம். கேள்வி கேட்கப் பட்டம் வேண்டியதில்லை என்பதுதானே நம் இயக்கம் நமக்குக் கற்றுத்தந்த முதல் பாடம்!

என்ன செய்தார்கள்? கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊர். போதைப் பழக்கத்துக்கு அடிமையானோரைத் திருத்துவதற்கென்று அரசு நடத்திய இல்லம் அங்கே இருந்தது. அங்கிருந்த கைதிகளுக்கு, பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கு, எல்.எஸ்.டி. என்னும் மனமயக்க மருந்தை ஊட்டிப் பார்த்தனர். சிலருக்கு 77 நாட்கள், ஒருநாளும் விடாமல்! இசைந்தவனுக்குப் பரிசு என்ன தெரியுமா? எந்தப் போதையிலிருந்து மீட்பதாகச் சொல்லி அவனை அங்கே அடைத்தார்களோ, அதே போதை மருந்து! கள்ளுண்டு கெட்டவனைத் திருத்த மடம் கட்டி, மடத்துக்குள்ளேயே கள்ளை வார்த்துக் கொடுத்த கதை.

சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகைக்கு ஒரு வீடு. விலைமாதரை ஏவி ஆடவரை அழைத்துவரச் செய்து, பானத்தில் மருந்து கலந்து கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். இதை நான் நாடகத்தில் எழுதியிருந்தால் "மிகைப்படுத்துகிறான்" என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள். அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையிலே இருக்கிறது, தோழர்களே!

இனி ஃபிராங்க் ஓல்சன். படைத்துறையில் பணியாற்றிய விஞ்ஞானி. கிருமி ஆயுத ஆராய்ச்சிக்காரர். அவர்களுடைய சொந்த ஆள். 1953 நவம்பரில் ஏரிக்கரை விடுதியொன்றில் சகாக்களின் கூட்டம். விருந்துப் பானத்தில் சொல்லாமல் மருந்து கலந்தார்கள். ஒன்பது நாட்கள் மனம் குலைந்து தவித்தார். நியூயார்க் ஓட்டலின் உயர்ந்த மாடிச் சன்னலிலிருந்து விழுந்து மாண்டார். விழுந்தாரா, குதித்தாரா, தள்ளப்பட்டாரா என்ற வழக்கு அவருடைய பிள்ளைகளின் வாழ்நாள் முழுதும் ஓயவில்லை. மனைவிக்கும் மூன்று மழலைகளுக்கும் உண்மை சொல்லப்படவில்லை. 22 ஆண்டுகள்! 1975இல் விசாரணைக் குழு அறிக்கையில் பெயரில்லாமல் வந்த குறிப்பைக் கண்டுதான், அது தம் வீட்டுப் பிணம் என்று அந்தக் குடும்பம் அறிந்தது. ஜனாதிபதி ஃபோர்டு அழைத்து மன்னிப்புக் கோரினார். 1976இல் 7,50,000 டாலர் தரப்பட்டது. மருந்து கலந்தவருக்கு அன்று கிடைத்த தண்டனை என்ன? உமது தீர்மானம் சரியில்லை என்று ஒரு கடிதம்.

தெரியாமல் செய்த பிழை என்பார்களா? சொல்ல முடியாது. 1957இல் அந்த உளவுத்துறையின் தணிக்கை அதிகாரியே எழுதிவைத்தார்: இந்தக் காரியங்களைப் பகைவரிடமிருந்து மட்டுமல்ல, அமெரிக்கப் பொதுமக்களிடமிருந்தும் மறைத்தாகவேண்டும், நெறிக்கும் சட்டத்துக்கும் புறம்பானவற்றில் நாம் ஈடுபடுவது தெரிந்தால் விபரீதம் விளையும் என்று! 1963இல் இன்னொரு தணிக்கை அறிக்கை: மருத்துவத் துறையினர் பலர் இதைத் தொழில் தர்மத்துக்கு விரோதமானது என்று கருதுகிறார்கள், ஆகவே இதிலே ஈடுபட்ட நிபுணர்களின் நற்பெயருக்கு ஆபத்து என்று! நோயாளிக்கு ஆபத்து என்பதல்ல முதற்கவலை. நிபுணரின் நற்பெயருக்கு ஆபத்து! என் முதல் கேள்விக்கு விடையை அவர்களே அவர்கள் கைப்பட எழுதிவைத்திருக்கிறார்கள். பகைவன் பேருக்குத்தான். மறைக்கப்பட்டது மக்களிடமிருந்து.

இப்போது கனடா நாட்டு மாண்ட்ரியல் நகருக்கு வாருங்கள். மெக்கில் பல்கலைக்கழகம், புகழ்மிக்க கலைக்கோயில். அங்கே டொனால்ட் ஹெப் என்ற உளவியல் பேராசிரியர், கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியத்தின் பணத்தில், 1951க்குப் பிறகு ஒரு சோதனை நடத்தினார். மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கூலி. வேலை, படுத்துக்கிடப்பது! கண்ணுக்கு மங்கல் கண்ணாடி, கைக்கு உறை, காதைச் சுற்றி மெத்தைத் தலையணை. பார்க்க எதுவுமில்லை, கேட்க எதுவுமில்லை, தொட எதுவுமில்லை. உண்டு உறங்கிச் சம்பாதிக்கலாம் என்று வந்த இளங்காளைகள் இரண்டு மூன்று நாளில் எழுந்து ஓடினார்கள். சிந்தனை சிதறிற்று, இல்லாத உருவங்கள் கண்முன் ஆடின. அடி விழவில்லை, பட்டினி இல்லை. வெறுமை ஒன்றே மனிதனை உலுக்கிவிட்டது.

ஹெப் மாணவனுக்கும் பின்னே வரப்போகிற கைதிக்கும் ஒரே ஒரு வேறுபாடு. மாணவன் "போதும்" என்றால் கதவு திறந்தது. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். ஆராய்ச்சியின் அறம் என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறார்களே, அதன் உயிர்நிலை இந்தக் கதவிலேதான் இருக்கிறது. 1947இல் நூரம்பர்க் நகரில் நாஜி மருத்துவர்கள்மீது தீர்ப்பு வழங்கிய அமெரிக்க நீதிபதிகள் பத்து விதிகள் வகுத்தார்கள். முதல் விதி, சோதிக்கப்படுவோனின் மனமுவந்த சம்மதம். அவன் அறிந்து, வற்புறுத்தலின்றித் தந்த சம்மதம். ஏழுபேர் தூக்கில் தொங்கினார்கள். தூக்குக் கயிறு மக்குவதற்குள், ஆறே ஆண்டில், தீர்ப்பு எழுதிய நாட்டிலேயே எம்.கே. அல்ட்ரா!

அதே மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது ஆலன் நினைவு மனநல மருத்துவமனை. அதன் தலைவர் டாக்டர் ஈவன் கேமரன். சாதாரண ஆளல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவர். பின்னாளில் உலக மனநல மருத்துவர் சங்கத்துக்கும் தலைவர். 1945இல் நாஜித் தலைவன் ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனநிலையை ஆராய நூரம்பர்க்குக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவர். அவரிடம் சென்றவர்கள் யார்? பகை நாட்டு ஒற்றரா? இல்லை. மனச்சோர்வு, பதற்றம், பிள்ளை பெற்றபின் வந்த வாட்டம் என்று நம்பிச் சென்ற இல்லத்தரசிகள், ஏழை எளியவர்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மனைவியும் அவர்களில் உண்டு. பழைய மனத்தை அழித்துவிட்டுப் புது மனத்தை எழுதிவிடலாம் என்பது டாக்டரின் சித்தாந்தம். அழிப்பதற்கு மின்அதிர்ச்சி, வழக்கமான அளவைப்போல் பன்மடங்கு. மருந்தூட்டி நாட்கணக்கில், வாரக்கணக்கில் உறக்கம். எழுதுவதற்கு ஒலிநாடா, ஒரே வாக்கியம் காதிலே ஓயாமல், ஒழியாமல், இலட்சக்கணக்கான முறை! அழித்தலிலே வெற்றி பெற்றார். எழுதுதலிலே தோற்றார். வீடு திரும்பியவர்களில் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதவர்கள் இருந்தார்கள்.

அவர் தாமாகத் தொடங்கிய கொடுமைதான் இது. உளவுத்துறைப் பணம் பின்னாலேதான் வந்தது, 1957இல். வந்த வழி, மனித சூழலியல் ஆராய்ச்சிக் கழகம் என்ற பெயரில் ஒரு போலி அறக்கட்டளை. அறக்கட்டளை! அறத்தை உருவிவிட்டார்கள், கட்டளை மட்டும் எஞ்சிற்று! பணம் யாருடையது என்று கேமரனுக்கே தெரியாது என்பாரும் உண்டு. இருக்கட்டும். அது அவரைக் காப்பாற்றும் வாதமா, அல்லது இரகசியத்தின் விகாரத்தைக் காட்டும் சான்றா? நாடகக்காரன் புத்தி போகவில்லை. கற்பனையாக ஒரு காட்சி காட்டுகிறேன்.

"ஐயா, தங்கள் ஆராய்ச்சிக்கு எவ்வளவு தேவை?"

"தருவது யார்?"

"மனிதகுல மேம்பாட்டில் அக்கறை கொண்ட கழகம்."

"பதிலுக்கு நான் தரவேண்டியது?"

"முடிவுகளின் ஒரு பிரதி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். நோயாளியிடம் மட்டும் எதுவும் சொல்லவேண்டாம்."

"நோயாளிக்கே சொல்லாமலா?"

"தங்களுக்கே நாங்கள் எதுவும் சொல்லவில்லையே, ஐயா!"

திரை விழுகிறது. நோயாளிக்கு டாக்டரைத் தெரியும், நோக்கம் தெரியாது. டாக்டருக்கு நோக்கம் தெரியும், முதலாளியைத் தெரியாது. முதலாளிக்கு எல்லாம் தெரியும், நோயாளியின் முகம் மட்டும் தெரியாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அறிந்து, ஒருவரும் முழுதும் அறியாமல் நடக்கிற காரியத்தில் குற்றவாளி என்று எவனைக் கூண்டில் நிறுத்துவீர்கள்? இரகசியத்தின் தலையாய பயன் அதுதான். பழியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பங்கிட்டுவிடுகிறது.

1980இல் அந்த நோயாளிகளில் சிலர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். எட்டாண்டு இழுத்தடித்து, 1988இல் எல்லோருக்குமாகச் சேர்த்து 7,50,000 டாலர் தந்து வழக்கை முடித்தது அமெரிக்க அரசு. ஓல்சன் குடும்பத்துக்குத் தந்த அதே தொகை! உயிருக்கும் மனத்துக்கும் ஒரே விலைப்பட்டியல் வைத்திருந்தார்கள் போலும். 1992இல் கனடா அரசு 77 பேருக்கு ஆளுக்கு 1,00,000 டாலர் கொடுத்தது.

சரி, குற்றவாளிகள்? சாட்சியங்கள்? சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் ஆராயாமல் தீர்ப்பளித்தான்; குற்றம்தான். ஆனால் கண்ணகி அவை புகுந்தபோது அவளுக்கு வாயில் திறந்தது. சிலம்பைக் கொணரச் சொன்னான், சிலம்பு இருந்தது. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, தவறு தெரிந்த அக்கணமே மன்னன் உயிர் துறந்தான். வாஷிங்டன் பாண்டியர்கள் வருமுன் காப்பவர்கள், சிலம்பையே உருக்கிவிட்டார்கள்! 1973இல், பதவி விலகப்போகும் தறுவாயில், உளவுத்துறைத் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் எம்.கே. அல்ட்ரா கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார். அழித்தார்கள். கணக்குப் பிரிவில் தவறிக்கிடந்த சில பெட்டிகள் மட்டும் 1977இல் அகப்பட்டன; சுமார் 20,000 பக்கம். செலவுச் சீட்டுகள்! நாம் இன்று இவ்வளவு பேசுவது அந்தச் சீட்டுகளையும் சாட்சியங்களையும் வைத்துத்தான். ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர்களையாவது சொல்லுங்கள் என்று வழக்காடினார்கள்; சொல்லவேண்டியதில்லை என்று 1985இல் உச்சநீதிமன்றம் உளவுத்துறையின் பக்கமே நின்றது.

ஆராய்ச்சி செத்ததா? இல்லை, கைநூலாகப் பிறவி எடுத்தது. 1963இல் உளவுத்துறை ஒரு விசாரணைக் கையேடு எழுதிற்று. "கூபார்க்" என்பது அதன் குறியீட்டுப் பெயர். மாண்ட்ரியல் சோதனைகள் அதிலே எடுத்தாளப்பட்டிருக்கின்றன. வெளிச்சத்தையும் ஒலியையும் பறி, காலத்தைக் குழப்பு, வளர்ந்தவனைக் குழந்தைநிலைக்குத் தள்ளு என்பது அதன் உபதேசம். மாணவனை உலுக்கிய வெறுமை, கதவு பூட்டப்பட்ட அறைக்குள் போயிற்று. அந்தக் கையேட்டை அமெரிக்க மக்கள் கண்டது 1997இல். 34 ஆண்டு கழித்து!

பிரிட்டன் மட்டும் புனிதமா? 1971இல் வட அயர்லாந்தில் விசாரணையின்றிப் பிடித்தவர்களில் 14 பேரைத் தனியே கொண்டுபோய், தலையில் முக்காடு, சுவரில் கைவைத்து நிற்றல், இடைவிடாத இரைச்சல், உறக்கமின்மை, உணவின்மை என ஐந்து உத்திகளை அவர்கள்மீது ஏவினார்கள். 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மனிதத்தன்மையற்றது, இழிவுபடுத்துவது என்றது. சித்திரவதை என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு சொல்லைத் தயங்கி விழுங்கினார்கள். 24 ஆண்டு கழித்து, 2002 ஆகஸ்டில், அமெரிக்க அரசின் வழக்கறிஞர்கள் எழுதிய இரகசியக் குறிப்பு அந்தத் தயக்கத்தையே மேற்கோள் காட்டி, "இதெல்லாம் சித்திரவதை ஆகாது" என்று வாதிட்டது!

ஆம், 2002. நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்த மறு ஆண்டு. மூவாயிரம்பேரைப் பறிகொடுத்த நாட்டின் துயரை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். அந்தத் துயரை முதலாக வைத்து வியாபாரம் செய்தவர்களைப் பற்றிப் பேசுகிறேன். ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன் என்ற உளவியல் நிபுணர் இருவர். விமானப்படை வீரர்களுக்கு, பகைவனிடம் பிடிபட்டால் எப்படித் தாங்குவது என்று பயிற்சி தந்தவர்கள். கைதியை விசாரித்த அனுபவம் அவர்களுக்கு இல்லை என்று செனட் அறிக்கை கூறுகிறது. தாங்கக் கற்றுத்தந்த கொடுமையைத் தலைகீழாகத் திருப்பித் தாக்கும் கருவியாக்கினார்கள். மின்னதிர்ச்சி தந்து தந்து, தப்ப வழியிருந்தும் தப்ப முயலாத நிலைக்கு நாய்களைக் கொண்டுவந்த பழைய ஆய்வொன்று உண்டு; அதுவே அவர்களின் சித்தாந்தம். அவர்களின் கம்பெனிக்கு அரசு அளந்த கூலி 8 கோடியே 10 இலட்சம் டாலர்! அபு சுபைதா என்ற கைதி, நீரில் மூழ்கடிக்கும் உணர்வூட்டும் வதைக்கு 2002 ஆகஸ்டு ஒரே மாதத்தில் 83 முறை ஆளாக்கப்பட்டார். அல்-கொய்தாவின் மூன்றாவது தலைவர் என்றார்கள் அன்று. அந்த இயக்கத்தின் உறுப்பினரே அல்லர் என்று இறங்கிவந்தார்கள் பின்னாளில்.

இங்கேதான் நமது மாற்றார் ஒரு வாதத்தை வீசுவார். "குண்டு வெடிக்கப்போகிறது; இடம் தெரிந்தவன் கையில் இருக்கிறான்; அறம் பேசிக்கொண்டிருப்பாயா, ஆயிரம் உயிரைக் காப்பாயா?" என்பார். வலிமையான கேள்வி. சிரித்துத் தள்ளிவிடக்கூடாது, விடை சொல்லவேண்டும்.

கொரியாவில் விமானிகளிடம் சீனர் கையாண்ட முறைகளை ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியலார் ஆராய்ந்து, 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். முறைகளை ஓர் அட்டவணையாகத் தொகுத்தார். எதற்கான முறைகள்? பொய் வாக்குமூலம் வாங்குவதற்கான முறைகள் என்று கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. 45 ஆண்டு கழித்து, 2002இல், குவாண்டானாமோ சிறையில் விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தபோது அதே அட்டவணையை எழுத்து மாறாமல் எடுத்துக் கொடுத்தார்கள். தலைப்பை மட்டும் நீக்கிவிட்டார்கள்! பொய் பிழியும் ஆலையென்று அறிந்து, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, உண்மை வேண்டுமென்று கரும்பை உள்ளே விட்டார்கள்.

பொய்தான் வந்தது. இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதியை 2002இல் அமெரிக்கா எகிப்துக்கு அனுப்பிற்று, அங்கே விசாரிக்கட்டும் என்று. வதை தாங்காமல், "ஈராக் அல்-கொய்தாவுக்கு இரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது" என்று சொன்னார். கேட்டவர்களுக்குக் காதிலே தேன்! 2003 பிப்ரவரி 5ஆம் நாள், ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில், உலகமே பார்த்திருக்க, வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பெயர் சொல்லாமல் அந்த வாக்குமூலத்தை எடுத்துவைத்தார். அடுத்த மாதம் ஈராக்மீது குண்டு பொழிந்தது. 2004இல் அல்-லிபி, வதைக்கு அஞ்சிச் சொன்ன பொய் அது என்று மறுத்தார். அந்தப் போருக்கு அது ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. காரணமாகக் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. மாற்றாரே, வெடிக்கப்போகும் குண்டைத் தடுப்பதற்கென்று சொன்ன முறை ஒரு நாட்டின்மீதே குண்டு வீச உதவிற்று!

ஏன் தவறினார்கள்? மேதைகள் இல்லாமலா? ஹிங்கிள், வுல்ஃப், பிடர்மன் எல்லோரும் உண்மையை எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் திறந்த அறிவியலில் ஒருவன் சொன்னதை இன்னொருவன் உரசிப் பார்ப்பான். "இது பலிக்காது" என்று எழுந்து சொல்ல மாணவனுக்கும் வாயுண்டு. பூட்டிய அறையில் எவன் சொல்வது? திட்டம் தீட்டியவர்களே அதன் பலனையும் மதிப்பிட்டார்கள். மதிப்பிட்டுத் தமக்கே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். வினாத்தாள் எழுதியவனே விடைத்தாளும் எழுதி அவனே திருத்தினால் எந்தப் பள்ளியில்தான் எவன் தோற்பான்?

2005 நவம்பரில், அந்த விசாரணைகளைப் பதிவுசெய்த 92 ஒளிநாடாக்களை அழித்தார்கள். மறுபடியும் சிலம்பு உருகிற்று! 2014 டிசம்பர் 9ஆம் நாள் செனட் குழு அறிக்கை வந்தது. குறைந்தது 119 பேர் இரகசியச் சிறைகளில். அவர்களில் குறைந்தது 26 பேரை, உளவுத்துறையின் சொந்த அளவுகோலின்படியே, பிடித்திருக்கவே கூடாது. முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல்; மக்களுக்கு வெளியிடப்பட்டது சுருக்கம் மட்டுமே.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் சில நிர்வாகிகள், இராணுவத்துக்கு இடைஞ்சல் வராதபடி தொழில் நெறியையே வளைத்து எழுதியிருந்தார்கள். சங்கத்துக்குள்ளேயே சிலர் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார்கள், ஏளனம் செய்யப்பட்டார்கள், விடவில்லை. 2015இல் வெளியார் விசாரணை அறிக்கை அந்தக் கூட்டுச்சதியை அம்பலமாக்கிற்று. அதே ஆகஸ்டில், நாட்டுப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்கலாகாது என்று சங்கத்தின் பேரவை தீர்மானித்தது. ஆதரவு 157, எதிர்ப்பு 1.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்கிறீரா, நண்பரே? உண்மை பேசவைக்கும் மருந்து என்ற அதே மயக்கம் இங்கும் வந்தது. சோடியம் பென்டதால் ஊசியைக் குத்தி, அரைமயக்கத்தில் கிடப்பவனிடம் கேள்வி கேட்பதை நம் நாட்டுப் போலீஸ் அறிவியல் என்று கொண்டாடிற்று; தடய அறிவியல் கூடங்களில் டாக்டர்கள் உடனிருந்து செய்தார்கள்; அந்தப் பிதற்றல் தொலைக்காட்சியிலும் வந்தது. 2010 மே 5ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: மயக்க ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு, எதுவாயினும் சம்மதமின்றிச் செய்யலாகாது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவுக்கு அது முரண் என்று. மாண்ட்ரியல் மாணவனுக்கு இருந்த அந்தக் கதவை நம் நீதிமன்றம் இங்கே திறந்துவைத்தது.

ஆனால் சட்டமன்றங்களின் கணக்கு வேறாக இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையொப்பமிட்டது. கையொப்பமிட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே 6ஆம் நாள் மக்களவையில் நிறைவேறிற்று. செல்வி தீர்ப்புக்கு மறுநாள்! மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குப் போயிற்று; அதன்பின் சட்டமாகவே இல்லை. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில், உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுங்கள், சட்டம் இயற்றுங்கள் என்று மீண்டும் பரிந்துரைத்தது. உங்கள் தொகுதியில் வாக்குக் கேட்க வருகிறவர் நம் கட்சிக்காரரே ஆனாலும், கைகூப்பி வரவேற்று, மாலையிட்டு, அந்த 273ஆம் அறிக்கை என்னவாயிற்று என்று கேளுங்கள். கிளைக் கழகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, நாள் குறித்து, தலைமைக்கு அனுப்புங்கள்.